தரையில் எழுதிய பெயர்கள்

பழைய சென்னையில் எழும்பூர் அருங்காட்சியகத்திற்குச் ‘செத்த காலேஜ்’ என்றொரு பெயர் வழங்கியது. விலங்குக் காட்சிசாலைக்கு ‘உயிர் காலேஜ்’ என்று பெயர். அருங்காட்சியகம் 1851இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில் தொடங்கி, பின்னரே பாந்தியன் சாலைக்குப் பெயர்ந்தது. 1855இல் அதே வளாகத்தில் விலங்குகளும் வந்து சேர்ந்தன. பிறகு அவை தனி இடம் தேடிப் பிரிந்து போயின. பெயர்கள் மட்டும் மக்கள் நாவில் இணைபிரியாமல் தங்கிவிட்டன. படித்தவர்கள் இதைக் கேட்டு நகைத்ததுண்டு. எண்ணிப்பார்த்தால், அருங்காட்சியகம் என்னும் நிறுவனத்தைப் பற்றி இதனினும் கூர்மையான திறனாய்வை நாம் எளிதில் சொல்லிவிட முடியாது. உயிர் போன பிறகுதான் ஒன்றிற்கு அங்கே இடம் கிடைக்கும் என்பதை இரண்டே சொற்களில் சொல்லிவிட்டார்கள்.

அப்படியானால் உயிரோடிருக்கும் ஒரு நகரத்தை அருங்காட்சியகத்தில் வைப்பது எங்ஙனம்? உலகின் பெருநகரங்கள் பலவற்றில் நகர அருங்காட்சியகங்கள் கடந்த அரை நூற்றாண்டாக இந்தக் கேள்வியோடு போராடி வருகின்றன. மேயர்களின் உருவப்படங்களும், நாணயங்களும், தோண்டியெடுத்த பானை ஓடுகளும் போதா, இன்றைய நகரத்தையும் இன்றே திரட்ட வேண்டும் என்று அவை புறப்பட்டன. நோக்கம் நன்று. ஆயினும் இன்றைய வாழ்வு என்பது யாருடைய வாழ்வு, அதை எடுத்து அடுக்குபவர் யார், அடுக்கியது தவறென்றால் திருத்துபவர் யார் என்ற வினாக்களை நாம் எழுப்பாமல் இருக்க முடியாது. நம் பார்வையில் இவற்றுள் கடைசி வினாவே தலையாயது.

முதலில் இந்த முயற்சிக்கு வித்திட்டவர்களுக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். 1977இல் சுவீடன் நாட்டு அருங்காட்சியகங்கள் ஒன்றுகூடி ‘சாம்டோக்’ என்ற கூட்டமைப்பை ஏற்படுத்தின. சமகாலத்தைப் பதிவு செய்தல் என்பதன் சுருக்கமே அப்பெயர். ஸ்டாக்ஹோமில் உள்ள நோர்டிஸ்கா அருங்காட்சியகம் அதற்கு நடுவமாயிற்று. தங்கள் கிடங்குகளில் திருமண ஆடைகளும் திருநாள் கலங்களும் மிகுந்திருக்க, அன்றாட உழைப்பின் அடையாளங்கள் அருகியிருப்பதை அவர்கள் கண்டார்கள். மக்கள் தம் பெட்டியில் பத்திரப்படுத்தியதுதான் பின்னாளில் அருங்காட்சியகத்திற்கு வந்து சேர்கிறது. தேய்ந்து கிழிந்த வேலைச் சட்டையை யார் பத்திரப்படுத்துவார்? ஆகவே நாட்டின் அருங்காட்சியகங்கள் வாழ்க்கைத் துறைகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஆய்வாளர்களை அனுப்பின. நிழற்படம் எடுத்தார்கள், உரையாடிப் பதிவு செய்தார்கள், தேர்ந்தெடுத்த சில பொருள்களைக் கொணர்ந்தார்கள். 2011இல் அந்த அமைப்பு கலைக்கப்பட்டாலும், அது விதைத்த எண்ணம் பல நாடுகளில் வேர்விட்டது. அதன் குறையும் கூடவே வேர்விட்டது என்பதே நம் கருத்து. ஆய்வாளர் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். பார்க்கப்பட்டவர் அவருடைய ஏட்டைப் புரட்டிப் பார்க்க வழி இருந்ததா?

இலண்டனுக்கு வருவோம். 1976இல் திறக்கப்பட்ட இலண்டன் அருங்காட்சியகம் 1993இல் ஒரு துணிவான கண்காட்சியை நடத்தியது. கடல் கடந்து வந்து இலண்டனில் குடியேறியோரின் பதினையாயிரம் ஆண்டு வரலாறு அதன் பொருள். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான் அயலார் வந்து நகரத்தின் முகத்தை மாற்றிவிட்டார்கள் என்று பேசித் திரிந்தவர்களுக்கு, அந்த முகம் என்றுமே பலர் சேர்ந்து வரைந்த முகந்தான் என்று அது மறுமொழி கூறியது. குடியேறியவர்களின் வாய்மொழி வரலாறுகளுக்கும் அதில் இடமிருந்தது. ஒரு நகரம் தன்னைப்பற்றிச் சொல்லிக்கொள்ளும் பொய்யை அதன் அருங்காட்சியகமே மறுத்துப் பேசியது சிறிய செயலன்று.

அதே அருங்காட்சியகம் கால் நூற்றாண்டு கழித்து உலகச் செய்தியில் அடிபட்டது வேறு காரணத்தால். 2017 செப்டம்பரில் கிழக்கு இலண்டனின் வைட்சேப்பல் பகுதியில் பாதாளச் சாக்கடையை அடைத்துக்கொண்டு ஒரு கொழுப்புப் பாறை கிடந்தது தெரிய வந்தது. நீளம் 250 மீட்டர். எடை 130 டன். அடுக்களைத் தொட்டிகளில் ஊற்றிய எண்ணெயும் கொழுப்பும், கழிவறைகளில் எறிந்த ஈரத் துடைப்புத் தாள்களும், குழந்தைகளின் அணையாடைகளும் ஒன்றோடொன்று இறுகிப் பாறையாய் உறைந்துவிட்டிருந்தன. தொழிலாளர்கள் அந்த நரகத்தில் இறங்கி வாரக்கணக்கில் அதை உடைத்தெடுத்தார்கள். அதன் துண்டுகளை வாங்கி உலர்த்தி, ஊடுகதிரால் சோதித்து, பெட்டிக்குள் பெட்டியாக அடைத்து, 2018 பிப்ரவரி முதல் சூலை வரை இலண்டன் அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது. கண்ணாடிக்குள்ளே ஈக்கள் பிறந்தன, துண்டின் நிறம் மாறியது, பூஞ்சை படர்ந்தது. பின்னர் அது நிரந்தரச் சேகரிப்பில் சேர்க்கப்பட்டது. உயிர் காலேஜ், செத்த காலேஜ் என்ற வேறுபாடு இந்த ஒரு பொருளில் மயங்கிப் போனதை எண்ணி நாம் புன்னகைக்கலாம்.

இதை வெறும் பரபரப்பு என்று தள்ளிவிடுவதற்கில்லை. தங்கமும் வெள்ளியும் காட்டித் தன்னை உயர்த்திக்கொள்ளும் நகரங்களுக்கிடையே, தன் அழுக்கைத் தானே எடுத்துக் காட்டிய நேர்மையை நாம் மெச்சுகிறோம். எல்லா வீட்டுக் குழாய்களும் ஓரிடத்தில் கலக்கின்றன என்ற எளிய உண்மையை இதைவிட வலுவாகச் சொல்லும் பொருள் கிடைப்பது அரிது.

ஆனால் எல்லாரும் குற்றவாளிகள் என்னும்போது யாரும் குற்றவாளி இல்லை என்றாகிவிடுகிறதே, அங்கேதான் நமக்கு மனம் ஒப்பவில்லை. பாறை நகரத்தின் பெயரால் பேசுகிறது. மனிதர் பெயர் எதையும் அது சொல்வதில்லை. எண்ணெய் கொட்டிய உணவு விடுதியும், வாடகைக் குடியிருப்பின் ஒற்றை அறையும், நச்சுக்காற்றில் நின்று அதை வெட்டியவரின் தோளும் அதில் ஒரே பழுப்பு நிறமாகிவிடுகின்றன. நம் நாட்டில் சாக்கடைக்குள் இறங்கி மூச்சடைத்து மாண்டவர்களின் செய்தியை நாளிதழில் படித்துப் படித்து மரத்துப்போன நமக்கு, அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பற்றி வாசிக்கும்போது முதலில் எழும் கேள்வி, உள்ளே இறங்கியவர் யார் என்பதுதான். பாறை மௌனம் காக்கிறது. அது தவறாகக் காட்டப்பட்டிருக்கிறது என்று எழுந்து நின்று சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை. அது எவருடைய வாழ்வும் அல்லவே!

2021இல் இதே அருங்காட்சியகம் அமெரிக்க அதிபராயிருந்த டிரம்பைக் குழந்தையாகச் சித்திரித்த ஆறு மீட்டர் உயரப் பலூனைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. 2018 சூலையில் அவர் வருகையை எதிர்த்து நாடாளுமன்றச் சதுக்கத்தில் பறந்த பலூன் அது. நாளேடுகள் ஏற்கெனவே பத்திரப்படுத்திவிட்ட ஆரவாரத்தை அருங்காட்சியகமும் பத்திரப்படுத்துவதில் நமக்குப் பெரிய ஆர்வம் இல்லை. அதைவிட, கொள்ளைநோய்க் காலத்தில், 2020இன் இறுதியில், நகரமக்கள் தம் கனவுகளைச் சொல்லித் தரவேண்டும் என்று அவர்கள் விடுத்த அழைப்பு நம்மைத் தொட்டது. அஞ்சிய நெஞ்சம் இரவில் என்ன கண்டது என்பதை ஒரு நகரம் வரும் தலைமுறைக்கு வைக்க விரும்பியது. ஒருவரிடம் கேட்டுப் பெறுவதற்கும் ஒன்றை எடுத்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு அதில் விளங்கியது. எனினும், கணினித் திரையின் முன் அமர்ந்து கனவைப் பேசும் ஓய்வு யாருக்கு வாய்த்திருக்கும்? இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்கிய மருத்துவமனைத் துப்புரவாளரின் கனவு அந்தச் சேகரிப்பை எட்டுவது கடினம்.

இவற்றிற்கெல்லாம் எதிர்நிலையில் நாம் வைக்க விரும்பும் அருங்காட்சியகம் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், பியூட்டன்காண்ட் தெருவில், ஒரு பழைய மெதடிஸ்ட் ஆலயத்தில் இருக்கிறது. அதன் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1867இல் கேப் டவுன் நகராட்சி தன் பகுதிகளை எண்ணிட்டுப் பிரித்தபோது ஆறாவது வட்டமாக அமைந்தது டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ். விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர், கைவினைஞர், துறைமுகக் கூலிகள், பல நாட்டிலிருந்தும் வந்தேறியோர் நெருங்கி வாழ்ந்த இடம். நிறவெறி அரசு 1950இல் இயற்றிய குழுப் பகுதிகள் சட்டத்தின்கீழ், 1966 பிப்ரவரி 11ஆம் நாள் அது வெள்ளையர்க்கு மட்டுமே உரிய பகுதி என்று அறிவிக்கப்பட்டது. அறுபதாயிரம் பேருக்கு மேல் படிப்படியாக வெளியேற்றப்பட்டு, நகருக்குத் தொலைவில் ‘கேப் பிளாட்ஸ்’ எனப்படும் மணற்பாங்கான வெளியில் எறியப்பட்டார்கள். பல ஆண்டுகளாக இடிப்பு வண்டிகள் ஓய்வின்றி ஓடின. வீடுகளும் கடைகளும் திரையரங்குகளும் தரைமட்டமாயின. ஆலயங்களையும் மசூதிகளையும் மட்டும் இடிக்கத் துணியவில்லை. கத்தோலிக்கரின் திருச்சிலுவை ஆலயமும், ஆங்கிலிக்கரின் புனித மாற்கு ஆலயமும், இசுலாமியரின் தொழுகையிடங்களும் புல் மண்டிய வெற்று வெளியில் தனித்து நின்றன. சுற்றியிருந்த வீடு ஒவ்வொன்றும் மண்ணானபின், ஞாயிறுதோறும் கேப் பிளாட்சிலிருந்து மக்கள் நெடுந்தொலைவு வந்து வழிபட்டுச் சென்றார்கள். நகரம் அழிந்த பின்னரும் பங்குமக்கள் அழியவில்லை. வழிபாட்டுக்கு வருதல் என்பதே, இது எங்கள் ஊர் என்று சொல்லும் ஒரு வழியாக அங்கே ஆகிவிட்டது.

அந்த மக்களும் அவர்களோடு நின்றவர்களும் சேர்ந்து, 1994 டிசம்பர் 10ஆம் நாள், நிறவெறி ஆட்சி வீழ்ந்த அதே ஆண்டில், மெதடிஸ்ட் ஆலயத்தினுள் ‘தெருக்கள்’ என்ற பெயரில் ஒரு கண்காட்சியைத் திறந்தார்கள். சில வாரங்களுக்கென்று திட்டமிட்டது. மூட மனம் வரவில்லை, அதுவே அருங்காட்சியகமாகிவிட்டது.

அங்கே வைப்பதற்கு என்ன இருந்தது? அழிந்த ஊரின் தெருப் பெயர்ப் பலகைகள் எழுபத்தைந்து இருந்தன. அவற்றைப் பாதுகாத்தவர் யார் என்பதில் ஒரு வியப்பு உண்டு. இடிப்புப் பணியை மேற்பார்த்த ஒருவர்தான் அந்தப் பலகைகளைத் தம் வீட்டில் ஒளித்து வைத்திருந்தார்! இடிபாடுகளோடு கடலில் கொட்டப்பட்டிருக்க வேண்டியவை அவை. அந்த மனிதரை நல்லவர் என்பதா, அல்லவர் என்பதா? அருங்காட்சியகம் தீர்ப்பு வழங்கவில்லை. பலகைகளைப் பெற்றுக்கொண்டு ஏணிபோல் வரிசையாகத் தொங்கவிட்டது. பார்ப்பவர் அண்ணாந்து தம் தெருவைத் தேட வேண்டும்.

தெருவைக் கண்டுபிடித்தவர் அடுத்துக் குனிய வேண்டும். ஆலயத்தின் தரையில் பழைய ஊரின் பெரியதொரு வரைபடம் கையால் தீட்டப்பட்டு விரிக்கப்பட்டிருக்கிறது; அதன்மேல் ஒளி ஊடுருவும் உறை. அங்கே வந்த முன்னாள் குடிகளுக்கு அருங்காட்சியகம் ஒரு பேனாவைத் தந்தது. அவர்கள் முழந்தாளிட்டு, தம் வீடு இருந்த இடத்தில் தம் குடும்பத்தின் பெயரை எழுதினார்கள். கடை இருந்த இடம், விளையாடிய மூலை, பள்ளி, குளியலறை எல்லாம் எழுத்தாயின. ஹானோவர் தெரு மீண்டும் மனிதர்களால் நிரம்பியது. பிற்பாடு வந்தவர்களும் தத்தம் நினைவை எழுதிச் சேர்க்க, வரைபடம் வளர்ந்தது. இன்னொரு பக்கம் நீண்ட காடாத் துணியில் வருவோர் கையெழுத்திட்டார்கள். மை மங்கிவிடும் என்பதால் அந்தச் சொற்களின்மேல் நூலால் பூத்தையல் போட்டுவந்தார்கள். துணி நீண்டுகொண்டே போயிற்று.

நாம் இதில் உருகி நின்றுவிடக் கூடாது. திறனாய்வாளன் கேட்க வேண்டிய கேள்வி, இது கண்ணீர்க் காட்சிதானா, வேறு ஏதேனும் வேலை செய்கிறதா என்பது. 1997இல் நிலவுரிமை நீதிமன்றம் இந்த அருங்காட்சியகத்தின் உள்ளேயே அமர்ந்தது. பறிக்கப்பட்ட நிலத்தை மீட்கும் சட்டம் 1994இல் வந்தபின், உரிமை கோருவோர் 1998ஆம் ஆண்டு இறுதிக்குள் மனுச்செய்ய வேண்டியிருந்தது. பெயர் எழுதிய அதே தளத்தில் வழக்கும் பேசப்பட்டது. 2004 பிப்ரவரி 11ஆம் நாள், அகற்றல் ஆணையின் முப்பத்தெட்டாம் ஆண்டு நிறைவில், எண்பது வயதைக் கடந்த இரு முதியவர்களிடம் நெல்சன் மண்டேலா புது வீடுகளின் சாவிகளைக் கொடுத்தார். அருங்காட்சியகம் வீடு கட்டித் தரவில்லை என்பது உண்மை. ஆனால் இங்கே ஒரு வீடு இருந்தது என்பதை மறுக்க முடியாதபடி ஒரு தரையை அது பாதுகாத்தது. கொழுப்புப் பாறையை வைத்துக்கொண்டு எவரும் எந்த நீதிமன்றத்திலும் ஒன்றையும் கோர முடியாது.

திருத்தும் உரிமை என்று மேலே குறித்தோமே, அதன் மற்றொரு முகத்தையும் இங்கே காண்கிறோம். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்றதும், கலப்பினத்தவர் என்று அரசு முத்திரை குத்திய மக்களின் ஊர் என்றே பலரும் நினைவுகூர்ந்தார்கள். கறுப்பின ஆப்பிரிக்கர்களோ அதற்கு வெகு முன்பே, 1901இல், கொள்ளைநோயைக் காரணம் காட்டி அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்கள். அதன் பின்னரும் அவர்களுள் சிலர் அங்கே வாழ்ந்தார்கள். பொது நினைவு அவர்களை இரண்டாம் முறையாக வெளியேற்றியது. நோம்வுயோ இங்கெல்வானே என்னும் ஆப்பிரிக்கப் பெண்மணி, அங்கே வளர்ந்த தம் வாழ்வை 1998இல் நூலாக எழுதினார். அருங்காட்சியகம் அதை நூலகத்தில் அடுக்கி வைத்ததோடு நின்றுவிடவில்லை. ‘நோம்வுயோவின் அறை’ என்ற பெயரில், ஒரு குடும்பம் முழுதும் உண்டு உறங்கிய ஒற்றை அறையைக் காட்சியாக அமைத்தது. எங்களை விட்டுவிட்டீர்கள் என்று ஒருவர் எழுத, அதற்கு இடம் கொடுத்து நகர்ந்துகொண்ட அருங்காட்சியகம் இது. நாம் மிகவும் மதிப்பது, பெயர் எழுதிய தரையைவிடக்கூட, இந்த நகர்தலைத்தான்.

குறைகள் இல்லையா? உண்டு. இழந்த ஊர் நாளாக ஆக இனிக்கிறது. ஒண்டுக் குடித்தனமும், அடியாட் கும்பலும், ஒழுகும் கூரையும் நினைவின் பின்புறம் ஒதுங்க, இசையும் திருவிழாவும் முன்னே வந்து நிற்கின்றன. வெளிநாட்டுப் பயணிகள் இறங்கி ஏறும் இடமாகிவிட்ட பிறகு, துயரமும் ஒரு காட்சிப் பொருளாகிவிடும் அச்சம் எப்போதும் இருக்கிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, தூக்கியெறியப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கேப் பிளாட்சில் இன்று வாழும் வாழ்வை, வேலையின்மையும் துப்பாக்கிச் சத்தமுமாக நீளும் அந்த வாழ்வை, எந்தத் தரையில் எழுதுவது? பழைய ஊரின் வரைபடத்தில் அதற்கு இடமில்லை. சமகாலத்தைத் திரட்ட வேண்டும் என்று இலண்டனும் ஸ்டாக்ஹோமும் காட்டிய அவசரம் இங்கே நமக்கு நினைவுக்கு வருகிறது. அந்த அவசரமும் இந்தப் பேனாவும் ஓரிடத்தில் சேர்ந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

அதற்கு ஒரு வாய்ப்பு இலண்டனிலேயே வந்து வாய்த்திருக்கிறது. இலண்டன் அருங்காட்சியகம் தன் பழைய கட்டடத்தை 2022 டிசம்பரில் மூடியது. ஸ்மித்ஃபீல்டு சந்தையில் பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்த கூடங்களைப் புதுப்பித்து அங்கே குடிபுகத் திட்டமிட்டு, 2026இல் திறப்பதாக அறிவித்தது. 2024இல் புதுச் சின்னமும் வெளியிட்டார்கள்: ஒரு வெண்புறா, அருகில் அதன் எச்சம் பொன்னிறத்தில். நகரத்தின் அழுக்கை விரும்பும் பழைய குணம் போகவில்லை போலும்!

ஸ்மித்ஃபீல்டு என்பது எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கால்நடையும் இறைச்சியும் விற்கும் இடம். நகரம் உறங்கும் இரவில் விழித்திருந்து, விடியலுக்குள் வாணிகத்தை முடிக்கும் இறைச்சி வணிகர்களும் சுமைதூக்குவோரும் பக்கத்துக் கூடங்களில் உழைத்துவந்திருக்கிறார்கள். இலண்டன் மாநகர ஆட்சி 2024 நவம்பரில் அந்த இறைச்சிச் சந்தையை அங்கே தொடர்வதில்லை என்று முடிவெடுத்தது. வணிகர்கள் 2028 வரையேனும் அங்கே தொழில் நடத்தலாம் என்று கூறியது. இழப்பீடும் உண்டு, புல்டோசர் வந்த கேப் டவுனோடு இதை ஒப்பிடுவது நியாயமன்று. ஆயினும் நகர வாழ்வைக் காட்ட அருங்காட்சியகம் ஒரு வாயிலில் நுழைய, எட்டு நூற்றாண்டு நகர வாழ்வு மறு வாயிலில் வெளியேறப் போகிறது. வெட்டுக்கத்தி, எடைத்தட்டு, குருதி தோய்ந்த வெள்ளை மேலங்கி ஆகியவற்றைக் காப்பாட்சியர் கேட்டு வாங்குவது எளிது. வணிகரும் மகிழ்ந்து கொடுப்பர். சுவரின் அந்தப் பக்கம் இரவில் வேலை செய்பவர்கள், பகலில் இந்தப் பக்கம் வந்து, தங்களைப்பற்றி எழுதியிருக்கும் அட்டையைப் படித்துவிட்டு, இது இப்படியில்லை என்று சொன்னால், அவர்கள் கையில் பேனாவைக் கொடுக்கப் போவது யார் என்பதை அறிய நாம் காத்திருக்கிறோம்.